புரட்டாசியில் போட்ட காய்கறித் தோட்டம்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டை, புளியரை, பண்பொழி, வடகரைப் பக்கம் ஆடியில் விதை போடத் தவறியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: சாரல். ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்றும் தூறலும் விடாமல் வந்துகொண்டிருந்ததால் பாத்தி கட்ட முடியவில்லை. ஆவணியில் தூறல் குறைந்தாலும் காற்று ஓயவில்லை. ஓணமும் கழிந்து புரட்டாசி பாதியைத் தாண்டிய பிறகுதான் மண்வெட்டியை எடுத்திருப்பார்கள். அப்படிப் பிந்தித் தொடங்கி, இப்போது செடியைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிந்தியதால் கெட்ட தோட்டங்கள் குறைவு. பிந்திவிட்டோமே என்ற அவசரத்தில் கெட்டவைதான் அதிகம். மண்ணை ஆறப்போடாமல் விதைப்பது, விட்ட நாளைப் பிடிக்க உரத்தைக் கொட்டுவது, இருக்கிற இடத்தில் இரண்டு மடங்கு செடியை நெருக்குவது, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது ஆகிய நான்கும்தான் கீழே வரும் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர். எனவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் மருந்துக் கடைக்குப் போகும் முன் இந்த நான்கில் எதைச் செய்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

எதற்கு நாள் இருக்கிறது

புரட்டாசிக் கடைசியிலிருந்து பொங்கலுக்கு ஏறத்தாழ மூன்று மாதம். சிறுகீரையை 25 நாளில் பிடுங்கலாம். முள்ளங்கிக்கு 45 நாள் போதும். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு மூன்றும் 45 முதல் 50 நாளில் முதல் காயைத் தந்துவிடும். பாகல், பீர்க்கு, புடலைக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்றங்கால் கணக்கு தனி: தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள். இந்த மூன்றையும் இப்போது விதையிலிருந்து தொடங்க வேண்டாம். நாற்றாக வாங்கி நட்டால் ஒரு மாதம் மிச்சமாகும்.

சிறுகிழங்கு இல்லாமல் நம் பக்கத்தில் பொங்கல் இல்லை. அதனால் பலரும் கடைசி நேரத்தில் கொடியை வாங்கி நடுகிறார்கள். அது ஐந்து மாதப் பயிர். இப்போது நட்டால் பொங்கலுக்கு வேர்தான் இருக்கும். இந்த ஆண்டு சந்தையில் வாங்கிக்கொண்டு, அந்த இடத்தைக் கீரைக்குக் கொடுங்கள்.

விதைத்துப் பத்து நாளாகியும் முளை காணவில்லை

மறுபடி விதை வாங்க ஓடாதீர்கள். விதைத்த இடத்தில் விரலால் மண்ணை மெல்லக் கிளறி, போட்ட விதையைத் தேடுங்கள். அது எந்த நிலையில் இருக்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

விதை குழைந்து அழுகியிருந்தால் ஆழமும் ஈரமும் அதிகம். வெண்டையை ஒரு விரல்கணு ஆழத்துக்குமேல் ஊன்றக் கூடாது. கீரை விதைக்கு மேலே மண் தூவினாலே போதும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தட்டைப் பாத்தியில் விதைத்தால் விதை நீரில் கிடக்கும். அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, சுற்றிலும் வடிகால் இழுத்து மறுபடி விதையுங்கள்.

விதையே இல்லை என்றால் எறும்பு இழுத்துப் போயிருக்கும். கீரை விதையில் இது மிக அதிகம். விதையோடு நான்கு பங்கு மணல் கலந்து தூவி, மேலே வேப்பம் புண்ணாக்குத் தூளைச் சிறிது தூவுங்கள். பாத்திக்கு வெளியே ஒரு பிடி நொய்யைப் போட்டுவிட்டால் எறும்புக்கு அங்கே வேலை கிடைத்துவிடும்.

விதை முளைத்து, வெள்ளை முளை வளைந்து மண்ணுக்குள்ளேயே கிடந்தால் குற்றம் பொருக்குடையது. நம் செம்மண்ணில் ஒரு கனமழை அடித்து மறுநாள் வெயில் காய்ந்தால் மேல்மண் ஓடு கட்டிவிடும். சிறு முளையால் அதைப் பெயர்க்க முடியாது. மாலையில் பூவாளியால் நனைத்து, ஊறியதும் ஒரு குச்சியால் லேசாகக் கீறிவிடுங்கள். பாதி முளை தப்பும். அடுத்த முறை விதையை மண்ணால் மூடாமல் நன்கு மக்கிய எருத்தூளால் மூடினால் இந்தத் தொல்லையே வராது.

விதை போட்டபடியே கல்லாகக் கிடந்தால், பாகலும் புடலையும் என்றால் தோல் தடிப்பு. ஓர் இரவு ஊறவைக்காமல் போட்டிருப்பீர்கள். மற்ற விதைகளாக இருந்தால் பழசு என்று பொருள். மிச்ச விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் குறைந்தது ஆறு விதை முளைக்காவிட்டால் அந்தப் பொட்டலத்தை விட்டுவிடுங்கள்.

நாற்று தரையோடு சாய்கிறது

நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று தண்டின் அடி நூலாகச் சுருங்கிக் கவிழ்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். ஐப்பசி மழையில் நெருக்கி விதைத்த நாற்றங்காலில் இது இரண்டே நாளில் பரவும். சாய்ந்ததை மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். எஞ்சியதைக் கலைத்து இடைவெளி விடுங்கள். தண்ணீரைக் காலையில் மட்டும், மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். மீதி நாற்றைக் காக்க ஒரு லிட்டர் நீரில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை 2.5 கிராம் கலந்து வேரடியில் ஊற்றலாம். புதிதாக விதைப்பவர்கள் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து விதைப்பது நல்லது. வீட்டுத் தோட்டத்து விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

செடி வெளிறி, நெட்டையாக, ஒரே பக்கம் சாய்ந்து வளர்கிறது

பிந்திய தோட்டத்துக்கே உரிய கோளாறு இதுதான். இதை உரக் குறை என்று எண்ணி யூரியா போடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. செடிக்கு வேண்டியது வெளிச்சம்.

ஆடியில் உச்சி வெயில் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது வீட்டின் வடக்குப் பக்கமும் வெளிச்சமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து இடம் தேர்ந்துவிட்டு ஐப்பசியில் செடி வைத்தால், சூரியன் அதற்குள் தெற்கே போயிருப்பான். செங்கோட்டை ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழியில் உச்சிவேளையிலும் சூரியன் நம் தலைக்கு நேரிலிருந்து 32 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். பத்தடி உயரச் சுவர் நண்பகலிலேயே வடக்கே ஆறடிக்கு நிழல் போடும். காலையிலும் மாலையிலும் அது இன்னும் நீளும். போதாக்குறைக்கு, மேற்கே மலை. அடிவாரத்து ஊர்களில் வெயில் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடுவதால், சமவெளியில் ஆலங்குளத்துக்காரர்களுக்குக் கிடைக்கும் மாலை வெயில் மேக்கரைக்காரர்களுக்குக் கிடையாது. பகல் பொழுதே ஆனியைவிட மார்கழியில் ஒரு மணி நேரத்துக்குமேல் குறைவு.

ஆகவே காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி என மூன்று நேரமும் பாத்தியைப் போய்ப் பாருங்கள். காய்க்கும் செடிக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். மூன்று, நான்கு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் அந்த இடம் கீரைக்கும் புதினாவுக்கும். தொட்டியில் இருப்பவற்றைத் தெற்குப் பக்கமோ மொட்டைமாடிக்கோ மாற்றலாம். தரையில் இருப்பவற்றுக்குத் தெற்கே நிற்கும் முருங்கையின் கிளையையும் அகத்தியையும் கழித்துவிடுங்கள். தென்னை நிழலுக்கு வழியில்லை. அதன் வடக்குப் பக்கத்தைக் காய்க்கு நம்பாதீர்கள்.

நெருக்கமும் இதே அறிகுறியைத்தான் காட்டும். கத்தரிக்குச் செடிக்குச் செடி இரண்டடி வேண்டும். வெண்டைக்கு ஓர் அடி. கூடுதலாக நின்றால் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பிடுங்குங்கள். மீதமுள்ளவை ஒரே வாரத்தில் தண்டு தடித்துக் காட்டும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதைப் பாருங்கள். அடியிலை முதலில் மஞ்சளாகி மேலே ஏறி வந்தால் தழைச்சத்துக் குறை. தொடர் மழை அதைக் கரைத்து இறக்கிவிடும். மழை விட்ட பிறகு வேருக்குச் சற்றுத் தள்ளி ஒரு கை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த கரைசலோ மக்கிய தொழு உரமோ கொடுங்கள். மழைக்கு நடுவே போட்டால் அதுவும் ஓடிவிடும். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலும் நீர் வடியாத மண்ணில் வரும். செடி முழுவதும் மஞ்சளாகித் தொங்கினால் எதையும் ஊற்றாதீர்கள், வடிகாலை வெட்டுங்கள்.

பகலில் வாடுகிறது

உச்சி வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. மூடாக்கு போடுங்கள்: தென்னை மட்டையைக் கிழித்துப் பரப்பினாலும் சரி, காய்ந்த வாழை இலையானாலும் சரி.

மாலையிலும் நிமிராமல், இலை பச்சையாகவே தொங்கினால் நிலைமை வேறு. கத்தரி, தக்காளி, மிளகாயில் இது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கக் கூடும். ஒரு சோதனை செய்யுங்கள். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் மூழ்கும்படி பிடித்திருங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்மையான இழை கீழே இறங்கினால் ஐயமில்லை. இதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்தக் குழியைத் தொட்டு ஓடும் தண்ணீர் அடுத்த செடிக்குப் போகாமல் அணை கட்டுங்கள். அந்தப் பாத்தியில் இந்த மூன்று பயிரையும் வைக்காமல் வெண்டை, தட்டைப்பயறு, மக்காச்சோளம் வையுங்கள்.

கோட்டைவாசல் தாண்டிக் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இந்த நோய் அதிகம். அங்கே மழை கூடுதல், மண்ணும் புளிப்பு. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ நீர்த்த சுண்ணாம்பைக் கலந்து மண்ணை ஆறவிடுவது அங்கே வழக்கம். பிந்தியவர்கள் முதலில் விட்டுவிடுவதும் இந்த இரண்டு வாரத்தைத்தான். விடாதீர்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த நோயைத் தாங்கும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது: தக்காளியில் சக்தி, முக்தி, அனகா; கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா; மிளகாயில் உஜ்வாலா. நோய் கண்ட மண்ணில் வாங்குவதானால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். சுண்டை வேர்மேல் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றும் நன்றாகத் தாங்கும்.

டம்ளரில் வெண்ணிழை இறங்கவில்லை, செடி குன்றியும் இருக்கிறது என்றால் வேரைத் தோண்டிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. தட்டைப்பயற்றின் வேரில் இருக்கும் நல்ல முடிச்சை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நல்ல முடிச்சு விரலால் தட்டினால் உதிரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியதுபோல் ஒட்டியிருக்கும். வேப்பம் புண்ணாக்கு போடுவதும், அடுத்த பட்டத்துக்கு அந்த இடத்தில் கேந்தி (செண்டுப்பூ) வைப்பதும் நல்ல வழி.

இலை சுருள்கிறது

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகாகச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்பும் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 3 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம்; ஆனால் வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், இலை கருகிவிடும்.

வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அந்தச் செடி தேறாது. ஒன்றிரண்டு செடியில் தெரிந்த அன்றே பிடுங்கினால் மற்றவை தப்பும். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். அர்கா அனாமிகா போன்ற ரகங்கள் இதைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்டவை.

பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

பாகல், பீர்க்கு, சுரையில் முதலில் ஆண்பூ மட்டும் வரும். பூவுக்குக் கீழே பிஞ்சு வடிவம் இல்லாத பூக்கள் அவை. இரண்டு வாரம் பொறுத்தால் பெண்பூ வரும். பெண்பூவும் வந்து பிஞ்சு பழுத்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் தேனீ வெளியே வராது. அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண்பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். பாகலும் பூசணியும் அதிகாலையில் மலரும். சுரையும் பீர்க்கும் மாலையில். நேரம் மாற்றிச் செய்தால் பயனில்லை.

கத்தரி, தக்காளியில் செடி கருகருவென்று தழைத்து, பூ உதிர்ந்தால் தழைச்சத்து கூடிப்போனது. உரத்தை நிறுத்திச் சாம்பல் இடுங்கள். கேரளத்துப் புளிப்பு மண்ணில் சாம்பல் இன்னும் நன்றாக வேலை செய்யும். தக்காளிப் பழத்தின் அடி கறுத்துக் குழிந்தால் ஒருநாள் வெள்ளமும் அடுத்த நான்கு நாள் வறட்சியுமாகத் தண்ணீர் விட்டதன் விளைவு. சீராகப் பாய்ச்சி மூடாக்கு போட்டால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

அவரை இடுப்புயரத்திலேயே பூத்துவிட்டது

இது கோளாறே அல்ல, கவலை வேண்டாம். நம் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தது நான்கு மாதம் கொடி வீசி, கார்த்திகை வாக்கில் பூக்கும். புரட்டாசியில் விதைத்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் பூக்கும், கொடி மட்டும் சிறிதாக இருக்கும். ஆகவே பந்தலைப் பெரிதாகப் போட வேண்டியதில்லை. செடிகளைச் சற்று நெருக்கி வைத்தால் குறைந்த கொடியின் இழப்பை ஈடுகட்டலாம். நெருக்குவது சரியாகும் ஒரே பயிர் இதுதான். பூவில் அசுவினி கூட்டமாக ஏறினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே விரட்டலாம்.

பிஞ்சு வளைந்து, உள்ளே புழு

பாகலிலும் புடலையிலும் பழ ஈ. குத்துப்பட்ட காயைச் செடியடியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். ஓரடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது நெகிழிப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். ஈரமாக்கிய கருவாட்டுத் தூளைத் துளையிட்ட புட்டியில் வைத்துப் பந்தலில் தொங்கவிட்டால் ஈ அதற்குள் போகும். பிஞ்சு விரல் நீளம் ஆனதும் காகிதப்பை மாட்டுவது எல்லாவற்றையும்விட உறுதி. பத்துப் பதினைந்து காய்க்குத்தானே, கைவேலைதான்.

இரவில் யாரோ உழுததுபோல் கிடக்கிறது

காட்டுப்பன்றி. வடகரை, மேக்கரை அடிவாரத்தில் யானையும் வரும். யானைக்கு வீட்டுத் தோட்டத்தில் செய்யக்கூடியது எதுவும் இல்லை, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருங்கள். மின்கம்பி கட்டுவதைக் கனவிலும் நினைக்காதீர்கள். மனித உயிர்களும் போயிருக்கின்றன, சட்டப்படியும் குற்றம். பன்றிக்கு உயிர்வேலியும் கம்பிவலையும்தான். மயில் கொத்துவது இளநாற்றை. நட்ட முதல் மூன்று வாரம் பழைய மீன்வலையைப் பாத்திமேல் விரித்தால் போதும்.

தை பிறந்தும் செடி காய்க்கவில்லை

கத்தரியும் மிளகாயும் நோயின்றி நின்றால் பிடுங்காதீர்கள். கத்தரியை அடியிலிருந்து ஓரடி விட்டுக் கவாத்து செய்து, எரு வைத்துத் தண்ணீர் கட்டினால் புதுக்கிளை விட்டுக் காய்க்கும். அவரையை மாசி வரை விட்டுவைக்கலாம். வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி இனித் தேறாது. அவற்றைப் பிடுங்கி, நோயில்லாதவற்றை அங்கேயே மடக்கிப் போட்டு, பாத்தியைத் தை முதல் வாரத்திலேயே கொத்தி ஆறவிடுங்கள். வெள்ளரி, பூசணி, புடலைக்கு அடுத்த பட்டம் அப்போதே தொடங்கிவிடுகிறது. இரண்டு வாரம் ஆறிய மண்ணில் இந்த முறை பட்டத்தோடே விதைத்துவிடலாம்.